இருமுனை மின்சாரத்தில் அணைந்த திரை

காலை பத்து மணி இருபது நிமிடம். நான் முதலில் பார்த்தது ஒரு கையை. மடிக்கணினியின் மூடிமேல் விரல்களை விரித்து வைத்திருந்தது அது. மூடியது, ஐந்து எண்ணும் நேரம் பொறுத்தது, திறந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. பக்கத்தில் கிடந்த காலண்டர் தாளின் பின்புறத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டது. மறுபடி மூடியது. உத்தமபாளையம் தாலுகா அலுவலகத்துக்கு ஒரு செய்திக்காகப் போய்விட்டு வந்த நான், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று எண்ணினேன். பதினோராவது முறை மூடி திறந்தபோது வெளிச்சம் வரவில்லை. உள்ளே சின்ன விசிறி ஓடும் சத்தம் கேட்டது; திரை மட்டும் கறுப்பாக இருந்தது. இந்த முறை அந்தக் கை கோடு போடவில்லை. ஒரு வட்டம் போட்டு அதற்குள் மணியை எழுதியது: 10.24.

அவர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். கெங்குவார்பட்டிக்காரர், பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் வேலை. கணினியில் படம் காட்டும் சில்லுக்கும் மற்ற பாகங்களுக்கும் நடுவே தூது போகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதில், வேலை இல்லாதபோது சில்லைத் தூங்க வைத்து பேட்டரியை மிச்சப்படுத்தும் பகுதி அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே நான்கு பேர். தலைப்பிரசவத்துக்காக அனுமந்தன்பட்டிக்கு வந்திருந்த தங்கையைப் பார்க்க ஒரு சனிக்கிழமை வந்தார். ஞாயிறு சாயங்காலம் கிளம்ப வேண்டியவர். பெங்களூரில் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிசயம் என்றிருந்த ஒரு கோளாறு, எங்கள் வீட்டு முன்னறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று முறை வந்துவிட்டது. திங்கட்கிழமை அவர் கிளம்பவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்து இங்கிருந்தே வேலை பார்ப்பதாகச் சொன்னார்.

நான் அப்போது ஒரு நாளிதழின் தேனி அலுவலகத்தில் நிருபர். மதியம் ஒரு மணிப் பேருந்தைப் பிடித்தால் போதும். காலை நேரம் என்னுடையது. ஆகையால் அந்த வாரம் முழுக்க அவரைக் காலை வேளைகளில் பார்த்தேன். உட்கார்ந்த இடத்தில் இருக்க மாட்டார். பத்து முறை மூடித் திறப்பார், எழுந்து திராட்சைப் பந்தல் வரை நடப்பார், பாதி வழியில் திரும்புவார். சாப்பிடும்போது இடது கைவிரல்கள் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். அவர் தோசையை மூன்றாவது முறை மறுத்தபோது அம்மா கோபித்துக்கொண்டாள். "மாப்பிள்ளை நம்ம வீட்டுல பட்டினி கெடந்தாகன்னு ஒங்க அம்மா கேட்டா நான் என்ன சொல்ல?" என்றாள். அவர் தோசையை வாங்கிக்கொண்டார். சாப்பிடவில்லை.

அவர் நிலைகொள்ளாமல் இருந்ததற்குக் காரணம் கோளாறு மட்டுமல்ல. அவருடைய குழுவில் ஒரு பெண் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சில்லைத் தூங்க வைக்கும் நிரல் தேவையில்லாமல் ஓர் இடத்தில் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பை அவள் நீக்கினாள். தூக்கம் வேகமானது, எல்லாரும் பாராட்டினார்கள். அதற்குப் பிறகுதான் கருந்திரைக் கோளாறு தலைகாட்டியது. வாடிக்கையாளரான கணினி நிறுவனம் கோபத்தோடு எழுதியது. யாருடைய மாற்றத்தால் இது வந்தது என்று மேலிடம் மாப்பிள்ளையைக் கேட்டது. அவர் தேதிகளைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் மாற்றத்துக்கு முன் கோளாறு இல்லை, பின் இருக்கிறது. அப்படியே ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அவளைத் தொடர்ந்து வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற பேச்சு அந்தக் குறிப்பில் இருந்து தொடங்கியது. வெள்ளிக்கிழமைக்குள் இறுதிக் குறிப்பு கொடுங்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

இதையெல்லாம் அவர் என்னிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பந்தலுக்கும் முன்னறைக்கும் நடுவே நடந்தபடி துண்டு துண்டாகச் சொன்னார். அவள் சொன்னதாக அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கியம் ஒன்று: "சார், நான் கதவைச் சீக்கிரமா சாத்தினேன், அவ்வளவுதான். நடுவுல கையை வெச்சிருந்தது யாருன்னு பாருங்க."

"நீங்க பாத்தீகளா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"பாக்கல மச்சான். தேதியப் பாத்தேன். தேதி சரியா இருந்துச்சு."

தேதி சரியாக இருந்தால் செய்தி சரியாக இருக்கும் என்று நினைக்கிற தொழிலில்தான் நானும் இருந்தேன்.

கோளாறு இன்னதென்று அவருக்கு ஓரளவு தெரிந்திருந்தது. எனக்கு அவர் சொன்னது இதுதான். மூடியை மூடினால் ஒரு கை வந்து சில்லைத் தூங்க வைக்கும். சுவரில் மின்சாரம் போய்க் கணினி பேட்டரிக்கு மாறினால் வேறொரு கை வந்து, "இனி மெதுவாக ஓடு" என்று சில்லிடம் சொல்லும். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் குழப்பம். அதனால் சில்லுக்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. சாவி வைத்திருப்பவர்தான் அதைத் தொடலாம். ஏற்பாடு சரியாகத்தான் இருந்தது. எங்கேயோ யாரோ ஏற்பாட்டை மீறுகிறார்கள். யார் என்று பிடிக்க வேண்டுமானால் கோளாறு அடிக்கடி வர வேண்டும். பெங்களூர் அலுவலகத்தில் மின்சாரம் போவதே இல்லை. எங்கள் வீட்டில் வந்தது. ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. நாற்பது கோடு போட்டும் வராது. பிறகு ஐந்து நிமிடத்தில் இரண்டு வட்டம்.

எங்கள் ஊர் மின்சாரத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்போது தோட்ட மோட்டார்களுக்கான மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்தது. அந்த வாரம் காலை பத்து மணிவரை மும்முனை. அதன்பிறகு சாயங்காலம் வரை இருமுனை. இருமுனை நேரத்தில் வீட்டு விளக்கு எரியும், மின்விசிறி சோம்பலாகச் சுற்றும், தோட்டத்து மோட்டார் ஓடாது. ஓடக் கூடாது என்பது விதி. கண்டென்சர் என்கிற சிறிய டப்பாவை இணைத்தால் ஓடும். அப்படி ஓட்டினால் அந்த வரிசையில் இருக்கிற எல்லார் வீட்டு அழுத்தமும் சரியும், டிரான்ஸ்பார்மர் சூடேறும், சில சமயம் எரியும். பக்கத்து ஊரில் ஒன்று எரிந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் அதைப் பற்றி நான்தான் எழுதினேன். செய்தி வந்த வாரமே அதிகாரிகள் வந்து சிலருடைய இணைப்பைத் துண்டித்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களுக்குத் தூரத்து உறவு. அம்மாவோடு கோயிலில்கூடப் பேசுவதை நிறுத்திவிட்டார். அப்பா அந்தச் செய்தியை டீக்கடையில் நான்கு பேர் கேட்க உரக்கப் படித்தார் என்று எனக்குச் சொன்னார்கள். "விவசாயி விவசாயிக்கே துரோகம் பண்ணலாமா?" என்று முடிவில் சொந்தமாக ஒரு வரியும் சேர்த்தாராம்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று ஏழுக்கு நான் பின்வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கிணற்றுப் பக்கமிருந்து ஓர் உறுமல் வந்தது. கனமான எதையோ இழுக்கத் தொடங்குகிற மாட்டின் முக்கலைப் போல ஒரு நொடி. பிறகு சீரான ஓட்டம். அதே நொடியில் முன்னறை மின்விசிறி தளர்ந்து மீண்டது. அதே நொடியில் மாப்பிள்ளை "ச்சே!" என்றார். போய்ப் பார்த்தேன். காலண்டர் தாளில் வட்டம்: 11.07. அரைமணி நேரம் கழித்து அப்பா வந்தார். கணுக்கால் வரை ஈரச் சேறு.

"எங்கப்பா போயிருந்தீக?"

"சும்மா, பந்தல்ல கொடி கட்டிட்டு வாரேன்" என்றார். கொடி கட்டுகிறவர் காலில் சேறு ஒட்டாது.

நிருபர் வேலையில் கற்றுக்கொண்டது அதிகமில்லை. மணியைக் குறித்துக்கொள்வது, காலைப் பார்ப்பது. அன்றைக்கே காலண்டர் தாளில் இருந்த வட்டங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பத்து மணிக்கு முந்தியதில்லை. எல்லாம் இருமுனை நேரம். ஞாயிற்றுக்கிழமை மூன்றும் அப்படியே. அப்பா மோட்டார் போடும்போது மின்சாரம் ஒரு நொடிக்குள் பலமுறை தள்ளாடுகிறது. கணினி சுவருக்கும் பேட்டரிக்கும் மாறி மாறித் தாவுகிறது. அந்தத் தாவலும் மூடியை மூடுவதும் ஒன்றாக நேரும்போது திரை கறுக்கிறது. எனக்கு நிரல் தெரியாது. ஆனால் இது தெரிந்துவிட்டது.

நான் சொல்லவில்லை.

காரணங்களை அப்போதே மனத்துக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தேன். சொன்னால் மாப்பிள்ளை மோட்டாரை நூறு முறை போடச் சொல்வார், ஊருக்குத் தெரியும். கண்டென்சரைப் பற்றி எழுதியவன் வீட்டிலேயே கண்டென்சர் என்று பேசுவார்கள். அப்பாவின் இணைப்பு போனால் காய் பருக்கும் நேரத்தில் பந்தல் காயும். இதற்கெல்லாம் மேலே, அப்பா என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டார்; அதைப் பொய் என்று சொல்லும் பேச்சை நான் தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் அவரே கண்டுபிடித்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டு ஒரு மணிப் பேருந்தில் ஏறினேன்.

புதன்கிழமை அவர் வேறு வழியில் முயன்றார். மூடியை மூடும் அதே கணத்தில் மறுகையால் பிளக்கைப் பிடுங்கினார். செருகினார், பிடுங்கினார். நூற்றுச் சொச்சம் கோடுகள். ஒரு வட்டமும் இல்லை. மனிதக் கையால் ஒரு நொடிக்குள் எத்தனை முறை பிடுங்க முடியும்? பக்கத்துத் தோட்டத்துக்காரர் மம்பட்டியோடு போகிற வழியில் சன்னலில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"என்ன மருமகனே, பொட்டிய மூடி மூடித் தெறந்து பாக்குறீக? முட்டை பொரிஞ்சிருச்சான்னா?"

"இன்னும் இல்ல மாமா. அடைகாக்குறேன்" என்றார் மாப்பிள்ளை. சிரிக்கவில்லை.

உள்ளறையில் படுத்திருந்த தங்கை குரல் கொடுத்தாள். "ஏங்க, பொறக்கப்போற பிள்ளைக்குத் தொட்டிலாட்டப் பழகிக்கிறீகன்னு சொல்லுங்க. மாமா சந்தோசப்படுவாக."

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சிரித்துக்கொண்டே போனார். மாப்பிள்ளை பிளக்கைக் கையில் பிடித்தபடி என்னிடம் திரும்பி, "அந்தப் புள்ள சொன்னது சரியா இருந்தா, நான் எழுதுனது தப்பு மச்சான். அவ சொன்னது தப்பா இருந்தா இந்நேரம் எனக்கு வெளங்கியிருக்கணும். ரெண்டுமே இல்லாம நிக்கிறேன்" என்றார். அப்போது என் வாய்வரை வந்தது. வெளியே பேருந்தின் ஹாரன் கேட்டது. போய்விட்டேன்.

இப்போது நான் உதவி ஆசிரியர். மேசைமேல் ஒரு மடிக்கணினி இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது முறை மூடித் திறக்கிறேன். ஒவ்வொரு முறையும் வெளிச்சம் வருகிறது. வருவதற்கு முன் இருக்கும் அந்த அரை நொடியில் என் கை மூடியைவிட்டு விலகுவதில்லை.

வியாழக்கிழமை காலை மாப்பிள்ளையின் பை முன்னறையில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. இட்லி சாப்பிட உட்கார்ந்தோம். பத்தரை மணிப் பேருந்தில் கிளம்புவதாகவும், பெங்களூர் போய்ப் பழைய குறிப்பையே உறுதிப்படுத்தி எழுதப்போவதாகவும் சொன்னார். "வேற ஆதாரம் இல்ல மச்சான். ஆதாரம் இல்லாம அவ பக்கம் எழுதுனா அதுவும் பொய்தான."

நான் அப்பாவைப் பார்த்துக் கேட்டேன். "அப்பா, கண்டென்சர எங்கன வச்சிருக்கீக?"

அப்பா இட்லியைப் பிய்த்தார். "எங்கிட்ட ஏதுடா கண்டென்சர்?"

"செவ்வாக்கெழம பதினொன்னேழுக்கு மோட்டார் ஓடுச்சு."

"மோட்டார் கெழடு. அதுவா உறுமும்."

"கரண்டே இல்லாமயா?"

"ஏலே, சாப்பிடும்போது என்னலே வெசாரணை? நீ என்ன போலீசா, பேப்பர்க்காரனா?" என்றவர், இரண்டாவது கேள்வியின் பதில் நினைவுக்கு வந்ததுபோல நிறுத்தினார். அம்மா சட்டினிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "மாட்டுக் கொட்டத்துல, தவுட்டு மூட்டைக்குப் பின்னால இருக்கு" என்றாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை கையைக் கழுவாமலேயே எழுந்து நின்றார். "மாமா, இருமுனையில மோட்டாரப் போடுவீகளா? நெசமாவா? எத்தன தடவ போடுவீக?"

அவர் முகத்தில் இருந்தது மகிழ்ச்சி. அதை அப்பா எதிர்பார்க்கவில்லை. வைதுவிடுவார்கள் என்று நினைத்திருந்தவரிடம் ஒருவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்கிறார். "காய் பருக்குற நேரம் மாப்பிள்ளை, தண்ணி இல்லன்னா மொளகு கணக்கா சூம்பிப்போகும். அதான்..." என்று தொடங்கி, என் பக்கம் திரும்பி, "பேப்பர்ல போடமாட்டியே?" என்றார். போடமாட்டேன் என்றேன். அவர் உயிரோடிருந்தவரை போடவில்லை.

பத்து மணிக்கு இருமுனை வந்தது. மோட்டார் அறையில் அப்பா, பின்வாசலில் அம்மா, முன்னறையில் மாப்பிள்ளை. அவர் "இப்ப" என்றதும் தங்கை "அம்மா" என்பாள், அம்மா முந்தானையை வீசுவாள், அப்பா மோட்டாரைப் போட்டு உடனே அணைப்பார். ஏழாவது முறை திரை கறுத்தது. பத்தாவது முறை. பதினாறாவது முறை. "இன்னும் எத்தனடா? எனக்கு ஒலை கொதிக்குது" என்றாள் அம்மா. பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஒரு குரல்: "என்னய்யா, மோட்டாருக்கு வலிப்பா?"

நான் அவருக்குப் பின்னால் நின்றேன். ஒவ்வொரு வட்டத்துக்குப் பிறகும் அவர் நிரலுக்குள் ஒரு வரி சேர்த்து, யார் எப்போது சாவியை வாங்கினார்கள் என்று எழுதிவைக்கச் செய்தார். பதினொன்றரை மணி வாக்கில் கை நின்றது. வெகுநேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றுவரை நான் அவரை அசையாமல் பார்த்ததில்லை.

மின்சாரம் மாறும்போது வருகிற கை, முதலில் "விழித்திருக்கிறாயா?" என்று சில்லைக் கேட்கிறது. ஆம் என்றதும் சாவியை வாங்கி வேலையைச் சொல்கிறது. கேட்பதற்கும் சாவியை வாங்குவதற்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடைவெளியில் தூங்க வைக்கும் கை உள்ளே வந்து போய்விடுகிறது. பிறகு இந்தக் கை, தூங்கிவிட்ட சில்லிடம் வேலையைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது, சாவியைப் பிடித்தபடியே. எழுப்ப வருகிறவருக்கும் அதே சாவிதான் வேண்டும். தூக்கம் மெதுவாக இருந்த காலத்தில் இரண்டும் மோதியதில்லை. தூக்கம் வேகமானதும் மோதின. சாவியை வாங்கிய பிறகு கேட்க வேண்டிய கேள்வியை, வாங்கும் முன்பே கேட்டிருந்தார்கள்.

நிரலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதை எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கும் என்று திங்கட்கிழமை சொல்லியிருந்தார். இப்போது அதைத் திறந்தார். அந்தப் பெண் நிறுவனத்தில் சேர்வதற்கு இரண்டு வருடம் முந்திய தேதி. "மச்சான்," என்றார், "இது நான் எழுதுனது. கொஞ்சம் வேகமா இருக்கட்டும்னு மேல தூக்கி வச்சேன்."

ஒரு வரியை இரண்டு வரி கீழே இறக்கினார். திருத்தம் அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா மறுபடி மோட்டார் அறைக்குப் போனார். நான் அன்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னேன். அறுபது கோடுகள், வட்டம் இல்லை. அறுபத்தொன்றாவது முறை அம்மா முந்தானையை வீச மறுத்துவிட்டாள்.

குறிப்பை எழுத உட்கார்ந்தபோது நான் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் நாளிதழில் தவறு நேர்ந்தால் "தவறுதலாக இடம்பெற்றுவிட்டது" என்று ஆறாம் பக்கத்தில் போடுவோம். யாரும் செய்ததாக இருக்காது. தானாக இடம்பெற்றதாக இருக்கும். அப்படி எழுதிவிட்டால் அந்தப் பெண்ணும் தப்பிப்பாள், அவருக்கும் சேதமில்லை.

"யாரு செஞ்சான்னு இல்லாம எப்படி மச்சான்? போன குறிப்புல அவ பேர் இருந்துச்சுல்ல" என்றார்.

தன் பெயரைப் போட்டு எழுதினார். "பிழையைச் செய்தது நான். முந்தைய குறிப்பு தவறு. அதையும் எழுதியது நான்." பிழையை முதலில் சொன்னவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டார். கோளாறை வரவழைத்த விதம் என்ற இடத்தில் "நிலையற்ற கிராமப்புற மின்னழுத்தம்" என்று மட்டும் எழுதினார்; அப்பா அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

டேட்டா கார்டுக்கு மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் சிக்னல் கிடைக்கும். இருவரும் ஏறினோம். மணி நான்கு பத்து. குறிப்பில் பெயர் உள்ள எல்லாருக்கும் மடலின் நகல் தானாகப் போய்ச் சேரும். அனுப்பினார். கணினியை மூடாமல் தொட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிடத்துக்குள் ஒரு மடல் வந்தது. வந்தது பதில் அல்ல, அவர் அனுப்பியதே. அவளுடைய முகவரிக்குப் போன நகல் திரும்பி வந்திருந்தது; அப்படி ஒரு முகவரி இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

அலுவலகத்துக்குப் போன் செய்தார். குழுவில் இருந்த ஒருவர் எடுத்தார். அவள் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை, தானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள் என்று அவர் சொன்னார். எப்போது என்று மாப்பிள்ளை கேட்டார். போனைக் காதில் இருந்து எடுத்து, என்னிடம் அந்த நாளைச் சொன்னார்.

அவளுடைய கடைசி வேலைநாள் புதன்கிழமை.